குடும்பமும் குடித்தனமும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்திக்கும்போது அவர்களிடையே நிகழும் உரையாடல் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைகிறது. எந்த ஊர் என்பது முதற் கேள்வி. என்ன உத்தியோகம் என்பது இரண்டாவது. ‘அப்பா, அம்மா யாரோடு இருக்கிறார்கள்?’ என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நாம் தயக்கமின்றி விடை கூறுகிறோம். மூன்றாவதற்கு விடை கூறும்போது மட்டும் நம் குரல் சற்றே தாழ்கிறது. ‘தம்பியோடு இருக்கிறார்கள்’ என்கிறோம். ‘எவ்வளவு கூப்பிட்டாலும் ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார்கள்’ என்கிறோம். கேளாமலேயே காரணங்களையும் அடுக்கத் தொடங்குகிறோம்.

இத்தயக்கத்துக்கு அடியில் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கிறது. முன்னொரு காலத்தில் ஒரே கூரையின்கீழ் ஒற்றுமையாக இருந்த குடும்பத்தை, பிழைப்பைத் தேடிப் புறப்பட்டுவந்த நாம் உடைத்துவிட்டோம் என்பதே அவ்வெண்ணம். இது முற்றிலும் சரிதானா? குடும்பம் எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு வளர்கிறது, எப்போது பிரிகிறது, காலப்போக்கில் எவ்விதம் மாறுகிறது என்பனவற்றை அறிஞர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கூறியவற்றுள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால், அந்த மூன்றாவது கேள்விக்கு இன்னும் தெளிவாக விடை கூற நம்மால் இயலும்.

முதலில் எழுந்த கொள்கைகளை ஏணிக்கு ஒப்பிடலாம். மனித சமுதாயம் முழுவதும் ஒரே ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறது. கீழ்ப்படியில் ஒருவகைக் குடும்பம், மேற்படியில் மற்றொரு வகைக் குடும்பம். ஏறியவர் மீண்டும் இறங்குவதில்லை என்பதே இக்கொள்கைகளின் சாரம். ஆங்கிலச் சட்ட அறிஞரான ஹென்றி மெயின் 1861-ஆம் ஆண்டில் ‘பண்டைச் சட்டம்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். தந்தையின் ஆணைக்கு மனைவி மக்கள் யாவரும் அடங்கி வாழ்ந்த பெருங்குடும்பமே ஆதியில் சமுதாயத்தின் அடிப்படையாக இருந்தது என்றும், தனிமனிதன் தன் உடன்படிக்கைகளால் தன் நிலையை அமைத்துக்கொள்ளும் காலம் பிற்பாடுதான் வந்தது என்றும் அவர் வாதித்தார். மறு ஆண்டே அவர் கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினராக இந்தியாவுக்கு வந்தார். இங்கிருந்த கூட்டுக் குடும்பம், ஐரோப்பா என்றோ கடந்துவிட்ட ஒரு பழைய படியின் எச்சமாக அவருக்குத் தோன்றியது.

அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கனின் ஆராய்ச்சியில் தமிழுக்கே ஓர் இடம் உண்டு. தந்தையின் சகோதரரைப் பெரியப்பா, சித்தப்பா என்று தந்தை முறையில் அழைக்கும் நாம், தாயின் சகோதரரை மாமா என்று வேறுபடுத்தி அழைக்கிறோம் அல்லவா? தாம் பழகியறிந்த அமெரிக்க ஆதிக்குடிகளான இரோக்குவா மக்களின் உறவுமுறைச் சொற்களும் தமிழரின் உறவுமுறைச் சொற்களும் இவ்வாறு ஒரே பாங்கில் அமைந்திருப்பதைக் கண்டு மார்கன் பெரிதும் வியந்தார். 1871-இல் வெளியான அவரது நூலில் இவ்வொப்புமை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. ஆயின் 1877-இல் எழுதிய மற்றொரு நூலில், திருமண ஒழுங்கே இல்லாத நிலையிலிருந்து படிப்படியாக ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நிலைக்கு மனிதகுலம் ஏறிவந்தது என்று ஓர் ஏணியை அவர் கட்டினார். அவ்வேணிக்குப் போதிய சான்று இல்லை என்று பின்வந்த மானிடவியலார் அதனைக் கைவிட்டனர். உறவுமுறைச் சொற்களைப் பற்றி அவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியோ இன்றளவும் தொடர்கிறது.

பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளரான லெ பிளே என்பவர், தொழிலாளரின் வரவு செலவுகளை ஆராய்ந்து 1855-இல் பெரியதொரு நூலை வெளியிட்டார். அவர் குடும்பங்களை மூவகையாகப் பிரித்தார். மணமான புதல்வர் யாவரும் தந்தையோடு தங்குவது ஒருவகை. ஒரு பிள்ளை மட்டும் பெற்றோருடன் தங்கி வீட்டையும் நிலத்தையும் காக்க, ஏனையோர் வெளியே சென்று பிழைப்பது மற்றொரு வகை. அடிமரம் நின்ற இடத்தில் நிற்க, கிளைகள் பரவுவது போன்றது அது. பிள்ளைகள் யாவரும் பிரிந்துபோய், பெற்றோருக்குப் பின் வீடே கலைந்துவிடுவது மூன்றாம் வகை. ‘தம்பி ஊரில் இருக்கிறான், நாங்கள் வெளியே இருக்கிறோம்’ என்று சொல்லும் நம்மில் பலர், லெ பிளே கூறிய இரண்டாம் வகையையே நம்மையறியாமல் வருணிக்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் ஏணிக் கொள்கை புதிய உருவம் கொண்டது. தொழில்கள் பெருகப் பெருக, உலகெங்கும் குடும்பங்கள் கணவன், மனைவி, மக்கள் என்னும் சிறிய உருவை நோக்கியே செல்கின்றன என்று அமெரிக்க சமூகவியலாரான வில்லியம் குட் 1963-இல் எழுதினார். தொழிற்சாலை ஒன்றே இதற்குக் காரணம் என்று அவர் சொல்லவில்லை. மக்களின் எண்ணங்களில் உண்டாகும் மாறுதலுக்கும் அவர் இடங்கொடுத்தார். எனினும் பொதுமக்கள் மனத்தில் தங்கியது ஒரே வாசகந்தான்: பட்டணமும் ஆலையும் வந்தன, கூட்டுக் குடும்பம் உடைந்தது.

இவ்வாசகத்தை முதலில் அசைத்தவர்களுள் பீட்டர் லாஸ்லெட் ஒருவர். அவரும் கேம்பிரிட்ஜில் அவருடைய கூட்டாளிகளும் இங்கிலாந்தின் பழைய ஊர்ப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் இருந்தனர் என்று எண்ணினர். 1972-இல் வெளியான அவர்களது நூல் பலரைத் திகைக்கவைத்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஒரு வீட்டில் வாழ்ந்தவர்கள் சராசரியாக ஐவருக்கும் குறைவே; ஏறக்குறைய 4.75 என்பது அவர்கள் கண்ட எண். ஆலைகள் தோன்றுமுன்பே அங்குச் சிறிய வீடுதான் பெருவழக்கு. உடைவதற்கு அங்கே பெருங்குடும்பம் அவ்வளவாக இருக்கவில்லை.

நம் நாட்டிலும் பழங்காலத்தைப் பற்றி நாம் மனத்தில் தீட்டிவைத்திருக்கும் சித்திரத்தைச் சற்றுச் சோதித்துப் பார்க்கவேண்டும். 1941-க்கும் 1951-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறக்குறைய 32 ஆண்டுகளே. இவ்வெண்ணில் குழந்தை மரணங்களின் பங்கு பெரிது என்பது உண்மை. ஆயினும் நடுவயதிலேயே மாண்டவரும் அந்நாளில் பலர். தாத்தா, பாட்டி, மணமான பிள்ளைகள், பேரக்குழந்தைகள் யாவரும் ஒருசேர நெடுங்காலம் வாழவேண்டுமாயின், முதலில் தாத்தாவும் பாட்டியும் உயிரோடிருக்க வேண்டுமல்லவா? பலர் விரும்பிப் போற்றிய கூட்டுக் குடும்பத்தை நீடிக்க விடாமல் செய்தது பட்டணம் மட்டுமன்று, மரணமும்தான்.

ஏணிக்கு மாற்றாக எழுந்த கொள்கையைச் சக்கரத்துக்கு ஒப்பிடலாம். குடும்பம் ஒரு பொருளன்று. அது ஒரு பயணம். ஒரு நாளில் நாம் காணும் வீடு, அப்பயணத்தில் ஒரு கட்டமே. இதனை எளிய மக்களின் வாழ்வில் தெளிவாகக் கண்டவர் ஆங்கிலேயரான ரவுண்ட்ரீ. யார்க் நகரத் தொழிலாளர் வீடுகளை 1899-இல் விசாரித்து, 1901-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒரு கூலித் தொழிலாளியின் வாழ்நாளில் வறுமையும் ஓரளவு வளமும் மாறி மாறி வருவதை எடுத்துக்காட்டினார். சிறுவயதில் வறுமை, தானும் சகோதரரும் சம்பாதிக்கத் தொடங்கியதும் சற்றே வளம், மணமாகிக் குழந்தைகள் பிறந்ததும் மீண்டும் வறுமை, அக்குழந்தைகள் சம்பாதிக்கும்போது மீண்டும் வளம், அவர்கள் பிரிந்துபோய், தனக்கும் முதுமை வந்ததும் மூன்றாம் முறையாக வறுமை. ஒரே தெருவில் ஒரே கூலி பெறும் இரண்டு வீடுகளில் ஒன்று உண்டு களிப்பதும் மற்றொன்று வாடுவதும் ஒழுக்கத்தால் மட்டும் விளைவதன்று, கட்டத்தாலும் விளைவது என்பதை அவர் காட்டினார்.

ருஷ்யப் பொருளியலாரான சயானவ், 1925-இல் வெளியிட்ட நூலில் உழவர் குடும்பங்களை இவ்வாறே நோக்கினார். புதிதாக மணமானவர் வீட்டில் உண்ணும் வாய் இரண்டு, உழைக்கும் கை இருவருடையது. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வாய்கள் பெருகுகின்றன, கைகள் பெருகுவதில்லை. மூத்த பிள்ளை ஏர் பிடிக்கும் வயதை எட்டிய பின்னரே பாரம் இறங்கத் தொடங்குகிறது. குடும்பத்தின் வயதை ஒட்டியே அது பயிரிடும் நிலமும் பெருகிச் சுருங்குவதை அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டு மக்களிடையே ஆராய்ச்சி செய்த மேயர் ஃபோர்ட்டிஸ், 1958-இல் இக்கருத்தை ஒரு பொதுக் கொள்கையாக வகுத்தார். திருமணம் முதல் கடைசிக் குழந்தை பிறக்கும் வரையில் குடும்பம் விரிகிறது. முதற் பிள்ளையின் திருமணத்தோடு அது கலையத் தொடங்குகிறது. பிறகு மூத்த தலைமுறையின் இடத்தை இளைய தலைமுறை ஏற்கிறது. இம்மூன்று கட்டங்களில் இருக்கும் மூன்று வீடுகளை ஒரே நாளில் எண்ணிப் பார்ப்பவர், அவை மூன்று வெவ்வேறு வகைக் குடும்பங்கள் என்று மயங்கக்கூடும். உண்மையில் அவை ஒரே வகையின் மூன்று பருவங்களே என்பது அவர் கூறிய முக்கியமான செய்தி. இதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவில் ஈவ்லின் டூவால் என்னும் அம்மையார், தலைச்சன் குழந்தையின் வயதை அளவுகோலாகக் கொண்டு குடும்ப வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்துக் காட்டியிருந்தார்.

இக்கருத்து நம் மொழிக்குப் புதிதன்று. புதுமணத் தம்பதியரைத் தனிக்குடித்தனம் வைப்பது நம்மிடையே ஒரு சடங்கு போலவே நடைபெறுகிறது. பெற்றோரே பாத்திரம் பண்டம் வாங்கித் தந்து பால் காய்ச்சி வைக்கின்றனர். பாகப்பிரிவினை என்பதும் ஒவ்வொரு தலைமுறையிலும் நேர்வது. பங்காளி என்னும் சொல்லையே நோக்குங்கள். உடன்பிறந்தார் வழியினரைக் குறிக்கும் அச்சொல், சேர்ந்து வாழும் நாளிலேயே, பின்னொருநாள் பங்கு பிரியும் என்பதை அறிந்திருக்கிறது.

நம் வீடுகளையே சான்றாகக் கொள்ளலாம். 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்போது எங்கள் டில்லி வீட்டில் மூவர் இருந்தோம்: கணவன், மனைவி, கைக்குழந்தை. 2014-இல் தந்தையார் காலமான பின்பு அம்மா எங்களோடு வந்து தங்கினார். 2016-இல் தம்பிக்கு இங்கு வேலை கிடைத்தது. 2018-இல் அவனுக்குத் திருமணமாயிற்று. ஓராண்டுக் காலம் ஆறு பேர் ஒரே அடுக்களையில் உண்டோம். பின்னர் அவர்கள் தனிக்குடித்தனம் சென்றனர். 2022-இல், ஊரிலுள்ள வீடு பூட்டியே கிடப்பதைப் பொறுக்க மாட்டாமல், அம்மா திரும்பிச் சென்றுவிட்டார். மீண்டும் நாங்கள் மூவர். முதலாண்டையும் கடையாண்டையும் மட்டும் கண்டவர், இவ்வீட்டில் மாறுதல் ஒன்றும் இல்லை என்பார். நடுவில் கண்டவர், இது கூட்டுக் குடும்பம் என்பார். இருவர் கூற்றும் அவரவர் கண்ட நாளுக்கு மெய். எங்கள் குடும்பத்துக்கு மெய்யன்று.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பார்ப்பது மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணி. ஆங்கிலத்தில் இருவேறு சொற்களால் குறிக்கப்படும் இருவேறு பொருள்களைத் தமிழில் ‘குடும்பம்’ என்ற ஒரே சொல்லால் எழுதிவிடும் வழக்கத்தை அலுவலகத் தாள்களில் அடிக்கடி காண்கிறோம். வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஓர் அடுக்களையில் உண்பவர்களையே மக்கட்தொகைக் கணக்கெடுப்பு ஓர் அலகாகக் கொள்கிறது. அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் ‘குடித்தனம்’ என்பதே. பிறப்பாலும் மணத்தாலும் பிணைந்து, சொத்திலும் கடமையிலும் பங்குடையவர்கள் குடும்பத்தினர். அடுப்பு பிரியும்போது குடித்தனம் பிரிகிறது; குடும்பம் பிரிந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி.

இவ்வேறுபாட்டை வற்புறுத்தியதில் நம் நாட்டு அறிஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஐராவதி கார்வே 1953-இல் வெளியிட்ட நூலில், ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு ஆகியவற்றைக் கூட்டுக் குடும்பத்தின் இலக்கணமாகக் கூறினார். குஜராத்தின் மகுவா நகரை ஆராய்ந்து 1964-இல் நூல் எழுதிய ஐ. பி. தேசாய், கூரையும் அடுப்பும் மட்டும் போதிய அளவுகோல் அல்ல என்றார். தனி வீட்டில் வாழ்ந்தும், சொத்தாலோ பரஸ்பரக் கடமையாலோ தம் உறவினரோடு பிணைந்திருப்பவர்களை அவர் கணக்கில் கொண்டார். குஜராத்தின் ராத்வானஜ் கிராமத்தை ஆராய்ந்த ஏ. எம். ஷா, 1973-இல் வெளியான தமது நூலில், குடித்தனம் என்பது குடும்பத்தின் ஒரு பரிமாணமே என்பதைத் தெளிவுபடுத்தினார். நாட்டின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளை 1968-இல் ஒப்பிட்ட பாலீன் கொலெண்டா என்னும் அமெரிக்க அம்மையார், சகோதரர்கள் பிரியும் காலம் இடத்துக்கு இடம், வகுப்புக்கு வகுப்பு மாறுவதைக் காட்டினார். கங்கைச் சமவெளியில் கூட்டாக வாழ்வோர் விகிதம் மிகுதி என்பதும் அவர் கண்டவற்றுள் ஒன்று. ஆகவே அண்டைவீட்டு வட இந்திய நண்பர் தம் சகோதரரோடு ஒரே வீட்டில் வாழ்வதைக் கண்டு, நாம் பாசத்தில் குறைந்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டுவதில்லை.

இவ்வளவும் ஆறுதலான செய்திகளே. ஆயினும் சக்கரக் கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு. சக்கரம் சுழல்கிறது, ஆனால் அது உருளும் சாலை மாறிக்கொண்டே வருகிறது. கிளென் எல்டர் என்பவர், அமெரிக்காவின் ஓக்லண்டு நகரில் 1920, 1921-ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடர்ந்து ஆராய்ந்து 1974-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வருமானம் இழந்த வீடுகளில், பையன்கள் கூலிவேலைக்குச் சென்றனர். பெண்கள் வீட்டுப் பொறுப்பைச் சுமந்தனர். எந்தப் பருவத்தில் இருக்கிறோம் என்பதோடு, எந்தக் காலத்தில் அப்பருவத்தை அடைகிறோம் என்பதும் குடும்பத்தின் போக்கை நிர்ணயிக்கிறது.

நம் காலம் எத்தகையது? முன்பு 32 ஆண்டாக இருந்த ஆயுள் எதிர்பார்ப்பு இன்று ஏறக்குறைய 70 ஆண்டு. 1950-களில் ஒரு பெண் சராசரியாகப் பெற்ற குழந்தைகள் ஏறக்குறைய ஆறு. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி அது 2.0. ஆறு பிள்ளைகளுள் இருவர் ஊரில் தங்க, நால்வர் வெளியூர் செல்லலாம். இருவரே உள்ள வீட்டில் இருவரும் சென்றுவிட்டால், நெடுநாள் வாழும் பெற்றோர் தனித்து நிற்கின்றனர். சட்டமும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்குமாக 2005-இலும் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்கள், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை அளித்தன. பெற்றோரைப் பராமரிப்பது மகன், மகள் இருபாலாரின் கடமை என்று 2007-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. லெ பிளேயின் அடிமரத்தில், நிற்பதற்கு ஒரு பிள்ளை இல்லாத வீடுகள் பெருகிவருகின்றன. இது சக்கரத்தின் பழைய சுற்று அன்று.

இதன் பொருள் எங்களுக்குச் சென்ற ஆண்டில்தான் விளங்கியது. அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. தம்பி அனுப்பியிருப்பான் என்று நாமும், அண்ணன் அனுப்பியிருப்பார் என்று தம்பியும், அண்ணன்மார் இருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று திருச்சியில் இருக்கும் தங்கையும் எண்ணியிருந்தோம். பிள்ளைகளைத் தொந்தரவு செய்வானேன் என்று அம்மாவும் சொல்லவில்லை. தலை சுற்றி முற்றத்தில் விழுந்தவரைப் பக்கத்து வீட்டார் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தனர். நல்லவேளையாகப் பெருந்தீங்கு நேரவில்லை. எங்களில் எவரிடமும் அன்பு குறைந்திருக்கவில்லை; ஆனால் யார் எதைச் செய்வது என்பது மட்டும் பேசப்படாமலே இருந்தது.

ஓர் அடுக்களையில் உண்டபோது அதைப் பேசவேண்டிய தேவை இருக்கவில்லை. மாத்திரைச் சீட்டு அலமாரியில் இருந்தது. கண்ணில் பட்டவர் வாங்கிவந்தார். ஒரே குடித்தனத்தில் கடமைகள் தாமாகவே நடைபெறுகின்றன. ஒரே குடும்பம் நான்கு குடித்தனங்களாகப் பரவிய பின்பு, அவற்றைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சொத்தைப் பாகம் பிரிக்கும்போது நம் பெரியோர்கள் பெயர், அளவு, எல்லை யாவற்றையும் தெளிவாக எழுதிவைத்தனர். பொறுப்பைப் பாகம் பிரிக்கும்போது மட்டும் நாம் கூச்சப்படுகிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் மாத்திரை தம்பியின் பொறுப்பு. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அவரோடு பேசுவதும் தங்கையின் பொறுப்பு. வங்கிக் கணக்கு, வீட்டு வரி, பழுதுபார்ப்பு ஆகியன நம்முடையவை. மாத்திரை பத்து நாளுக்கு மீதமிருக்கும்போதே தெரிவிப்பது அம்மாவின் பொறுப்பு. அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது.

நேயர்களே, குடித்தனங்கள் பிரிந்ததற்காக நாம் குற்றவாளிகள் போல் நாணவேண்டுவதில்லை; குடும்பத்தின் இயல்பான போக்கில் அதுவும் ஒரு கட்டம். ஆனால் அடுத்த கட்டம் நமக்குத் தெரியாமல் வருவதன்று. பெற்றோரின் வயது நமக்குத் தெரியும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உடன்பிறந்தார் யாவரும், சகோதரிகளையும் சேர்த்து, பெற்றோரை நடுவில் வைத்து ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்பதை முதலில் அவர்களிடமே கேளுங்கள். யார் எதைச் செய்வது என்பதைப் பிறகு ஒரு தாளில் எழுதி, அதில் ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.